அதிரசத்துக்குக் கணக்கில் இடம் உண்டு

ஒரு கிளாஸ் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழுகிறது. எடை போட்டால் ஏறக்குறைய 10 கிராம், கலோரியில் 40. விடிந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, பொழுது சாய்ந்ததும் பேச்சுத் துணைக்கு ஒன்று என்று நாலு டீ குடிப்பவருக்குச் சர்க்கரையில் மட்டும் 160 கலோரி போய்விடுகிறது. அது அவர் நினைவில் நிற்பதே இல்லை. ‘இன்னைக்கு இனிப்பே தொடல’ என்றுதான் படுக்கப் போவார். வீட்டில் சுட்ட நடுத்தர அளவு அதிரசம் ஒன்று சுமார் 180 கலோரி. தீபாவளிக்குத் தீபாவளி கண்ணில் படுகிற அந்த அதிரசத்தைத்தான் நாம் முதலில் விலக்கி வைக்கிறோம்.

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன மறுநாள் புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகளில் நடப்பது இதுதான். பலகார டப்பா பரணுக்குப் போகிறது. சர்க்கரை போட்ட டீ தொடர்கிறது. தட்டில் சோற்றின் உயரம் குறைவதில்லை. தாளிக்கிற எண்ணெய் குறைவதில்லை. பத்து நாள் கழித்து எடை பார்த்தால் முள் நகரவில்லை. பதினோராம் நாள் டப்பா கீழே இறங்குகிறது. ஒன்றோடு நிற்காமல் நாலு அதிரசம் தீர்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பிடித்த பண்டத்தை அன்றைய கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். ருசித்த நினைவு கூட இல்லாமல் வயிற்றுக்குள் போகிற கலோரியைத் தேடிப் பிடித்து வெட்டுங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவே. ஆனால் அதைச் செய்ய அடுப்படியில் ஒரு தராசும், கொஞ்சம் விவரமும், ஊரின் உணவைப் பற்றிய மரியாதையும் தேவைப்படுகின்றன.

அவசரம் என்ன என்று கேட்கலாம். 2015–16இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்களாக இருந்தார்கள். 2019–21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆகியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்தி, 2023இல் முடிவு வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு; வயது வந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 14.4. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்திருக்கிறது, ரத்தம் பட்டினி கிடக்கிறது. ஆகவே நம் பெண்களிடம் வெறுமனே ‘சாப்பாட்டைக் குறை’ என்று சொல்வது பாதி வைத்தியம்கூட இல்லை. எதைக் குறைப்பது, எதைத் தொடவே கூடாது என்று சொல்ல வேண்டும்.

பண்டம் விளைகிற மண்

1948 வரை தனி சமஸ்தானமாக இருந்து, 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமான புதுக்கோட்டைக்கு, கண்மாயும் மானாவாரியும் சேர்ந்து ஊட்டிய ஒரு தின்பண்ட மரபு இருக்கிறது. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி என்று செட்டிநாட்டு ஊர்கள். அந்த வீடுகளின் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கவுனி அரிசி ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே வாய் ஊறும். தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பாக்கிச் சாலையோரத்திலேயே பெண்கள் விற்கிறார்கள். ஆலங்குடிக்குக் கிழக்கே வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் பலா. செம்மண்ணில் நிலக்கடலை. நகரத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பரோட்டாக் கல்லின் ஓசை.

பழைய பலகாரங்களுக்கு ஓர் எல்லை தானாகவே அமைந்திருந்தது. கும்மாயம் ஆடிக்கு. அதிரசம் தீபாவளிக்கு. பொரியுருண்டை கார்த்திகைக்கு. கல்யாணம் வந்தால் பலகாரக் கூடைகள். நாள்காட்டி அனுமதித்தால்தான் சட்டி அடுப்பில் ஏறும். அனுமதித்தாலும் வேலை சும்மா இல்லை. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே உரலில் இட்டு இடித்து, சலித்து, பாகு காய்ச்சிப் பதம் பார்த்து, மாவைக் கிளறி, ஓரிரு நாள் வைத்திருந்து, அப்புறம்தான் தட்டிப் போட முடியும். உலக்கை பிடித்த கைக்கு அதிரசம் தின்னும் உரிமை இருந்தது. எரித்த கலோரியையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது எல்லாப் பலகாரமும் எல்லா நாளும் கிடைக்கிறது. பாக்கெட்டில் தொங்குகிறது, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறது. எல்லை போடுகிற வேலையை நாள்காட்டியும் உலக்கையும் செய்த காலம் போய், அது முழுக்க நம் மனசின் தலையில் விழுந்திருக்கிறது. மனசுக்கு அது புதுப் பழக்கம். திணறத்தான் செய்யும். அதைக் குணக்கேடு என்று யாரும் திட்ட வேண்டாம்.

1918

உணவைக் கலோரியாக எண்ணுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்ற கணக்கை அமெரிக்காவில் வில்பர் ஆட்வாட்டர் என்ற வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆராய்ந்து நிலைநாட்டினார். அதை வீட்டுப் பெண்களின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர். 1918இல் அவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சாப்பிட்டால் 100 கலோரி என்று அவர் பட்டியல் போட்டார். பட்டியலில் இனிப்புக்கும் இடம் இருந்தது. அவரே எடை அதிகமாக இருந்து குறைத்தவர். ஆகவே ‘இதை வாழ்நாள் முழுக்கத் தொடாதே’ என்று சொல்வதில் பயனில்லை என்று தெரிந்திருந்தது.

அதே 1918இல் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அதே 1918இல்தான் சேலத்தில் ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் பிறந்தார். இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்த புகழ்பெற்ற நூல் அவர் பெயரோடு சேர்ந்தது. கம்பு, கேழ்வரகிலிருந்து பலாச்சுளை வரை 100 கிராமுக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச்சத்து என்று நாம் இன்று கையாளுகிற எண்களின் வேர் அந்தக் குன்னூர் அறையில் இருக்கிறது. வெளிநாட்டுச் செயலியில் ‘இந்தியன் ஸ்வீட்’ என்று மொத்தமாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டிய தலைவிதி நமக்கு இல்லை.

அந்த நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, உட்கார்ந்த வேலை செய்கிற 55 கிலோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். உட்கார்ந்த வேலை செய்கிற 65 கிலோ ஆணுக்கு 2,110. நடுத்தர உழைப்பு இருந்தால் பெண்ணுக்கு 2,130, ஆணுக்கு 2,710. உலக்கையிலிருந்து மிக்ஸிக்கு வந்ததன் விலை இந்த 470 கலோரி, 600 கலோரி இடைவெளியில் தெரிகிறது.

நனைந்தபின் முக்காடு எதற்கு

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகள் படுத்திருந்த கல்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்துத் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிறது. உணவை ஒவ்வொன்றாகக் கைவிடுவது அவர்களுக்கு அறம். அதற்கான வாழ்க்கையை, அதற்கான இடத்தை, அதற்கான துணையைத் தேடி மலையேறியவர்கள் அவர்கள். காது குத்துக்கும் வளைகாப்புக்கும் போக வேண்டிய இல்வாழ்க்கையில் இருந்துகொண்டு, அந்தத் துறவியின் விரதத்தை மட்டும் கடன் வாங்கி ‘இனி இனிப்பே இல்லை’ என்று சபதம் எடுக்கிறோம். அது உடைவதற்காகவே எடுத்த சபதம் போல ஆகிவிடுகிறது.

ஏன் உடைகிறது என்பதை 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்ஷேக் குடித்த வயிற்றுக்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் பத்தியத்தில் இருப்பவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு, அது குடிக்காத பத்தியக்காரர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அந்த மனசுதான். ஒரு அதிரசம் சாப்பிட்டவரை அது கெடுப்பதில்லை. ‘விரதம் கலைந்துவிட்டது, இனி என்ன’ என்று அடுத்த மூன்றை எடுக்கவைக்கிற எண்ணம் கெடுக்கிறது. அனுமதியோடு சாப்பிட்ட ஒன்று, ஒன்றாகவே நிற்கும்.

கலோரி மட்டுமே எடையைத் தீர்மானிக்கிறது என்பதைக் காட்ட 2010இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப் தன் உடம்பையே சோதனைக்கு விட்டார். பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக், பிஸ்கட் போன்ற கடைத் தின்பண்டங்கள். ஆனால் நாளுக்கு 1,800 கலோரிக்குள். 12 கிலோ குறைந்தது. இதைச் சொல்வது யாரும் அப்படிச் சாப்பிடுவதற்காக இல்லை. அவரே அதைப் பரிந்துரைக்கவில்லை. கணக்கு கணக்குதான் என்பதற்கு அது சாட்சி. மறுபக்கம், 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு செய்த ஆய்வில், ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவை ‘வேண்டிய அளவு சாப்பிடுங்கள்’ என்று கொடுத்தபோது மக்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கையை நிறுத்த முடியாதபடி அந்தப் பண்டம் இருக்கிறது. ஆகவே பெட்டிக்கடையில் தொங்குகிற சரப் பாக்கெட்டும் வீட்டுக் கந்தரப்பமும் எனக்கு ஒன்றல்ல. கலோரி ஒன்றாக இருந்தாலும்.

எண்ணெய்ச் சட்டியை எடை போடுங்கள்

சமையலறைத் தராசு ஒன்று வாங்குவதுதான் முதல் செலவு. கலோரிக் கணக்குப் பார்க்கிறவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் வறுத்த பலகாரம். மாவு தெரியும், வெல்லம் தெரியும். எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று எப்படித் தெரியும்? வழி மிக எளிது. அடுப்பில் ஏற்றும் முன் எண்ணெயை எடை பாருங்கள். சுட்டு முடித்து ஆறியதும் மிச்சத்தை எடை பாருங்கள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் பலகாரத்துக்குள் இருக்கிறது.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பச்சரிசி, 3,500 கலோரி. முக்கால் கிலோ வெல்லம், சுமார் 2,850. எண்ணெயில் 200 கிராம் குறைந்திருந்தால் 1,800. மொத்தம் 8,150. நாற்பத்தைந்து அதிரசம் வந்திருந்தால் ஒன்றுக்கு 180 சொச்சம். முப்பதே வந்திருந்தால் ஒன்று 270! ஒரே மாவு, ஒரே சட்டி. தட்டுகிற கையின் அளவில்தான் 90 கலோரி வித்தியாசம். அதனால் எடை குறைக்க விரும்பும் வீட்டில் நான் சொல்லும் முதல் மாற்றம் செய்முறையில் இல்லை. சிறிதாகத் தட்டுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று நம் பாட்டிகள் ஏற்கெனவே செய்து வைத்தது. வெந்த அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்து எடுப்பார்கள். ஒன்றுக்கு மூன்று கிராம் எண்ணெய் வடிந்தால் 27 கலோரி மிச்சம். ருசியில் எதுவும் குறையாமல் கிடைக்கிற மிச்சம் அது. அவசரத்தில் அந்த அழுத்தலை விட்டுவிடாதீர்கள்.

பரோட்டாவுக்கும் இதே கணக்கு. ஒரு பரோட்டாவில் 70 கிராம் மைதா என்றால் 245 கலோரி. பத்து கிராம் எண்ணெய் என்றால் 90. ஆக 335. மூன்று பரோட்டா ஆயிரத்தைத் தாண்டும், சால்னாவைச் சேர்க்காமலே. பரோட்டாதான் உங்கள் உயிர் என்றால் ஒன்று சாப்பிடுங்கள். கூடவே ஒரு முட்டை ஆம்லெட், நிறைய வெங்காயம். வயிறு நிறைகிற வேலையைப் புரதம் பார்த்துக்கொள்ளும்.

பலாவுக்கு இவ்வளவு பயமே தேவையில்லை. 100 கிராம் சுளையில் 88 கலோரிதான். நாலைந்து சுளையை அதிரசத்துக்குப் பதிலாக வைத்தால் பாதிக் கலோரியில் வேலை முடிகிறது, நார்ச்சத்தும் சேர்கிறது. முந்திரி அப்படியில்லை. 100 கிராமில் 590 கலோரியை ஒட்டி இருக்கிறது. ஒரு கைப்பிடி, 30 கிராம், ஓர் அதிரசத்துக்குச் சமம். ‘நட்ஸ் நல்லது’ என்ற பேச்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பது பெரிய ஆபத்து. கிண்ணத்தில் எண்ணிப் போட்டுக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட வேண்டும்.

கும்மாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். பருப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். ஆலங்குடிப் பக்கம் வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான ‘வம்பன்’ உளுந்து ரகங்கள் தமிழ்நாடு முழுக்க விதைக்கப்படுகின்றன. இந்த மாவட்டத்தின் நிலம் அரிசிக்கு வேண்டிய தண்ணீர் இல்லாதபோதும் உளுந்தைக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட ஊர், இனிப்பு வேண்டும் என்று மனசு கேட்கிற மாலையில் மைதா பிஸ்கட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. நெய்யை மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றினால், கும்மாயம் பத்தியக்காரருக்கு மிக நெருக்கமான இனிப்பு.

ஒரு நாள் எப்படி இருக்கும்

கொஞ்சம் எடை குறைக்க வேண்டிய, உட்கார்ந்த வேலை செய்கிற ஒரு பெண். நாளுக்கு 1,400 கலோரி என்று வைத்துக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் முதல் வரியில் ‘மாலை நாலு மணி: அதிரசம் 1, 180’ என்று எழுதிவிடுகிறார். மிச்சம் 1,220. காலையில் மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், 270. சர்க்கரை இல்லாத டீ இரண்டு, பாலுக்கு 100. மதியம் 150 கிராம் சோறு, 195. மீன் குழம்பு எண்ணெயோடு 200. கீரை, பொரியல், மோர் சேர்த்து 105. ராத்திரி இரண்டு தோசை, கொஞ்சம் சட்னி, அரைக் கிண்ணம் சுண்டல், 350. கூட்டினால் 1,220. அதிரசத்தோடு சரியாக 1,400.

இதில் எதை வெட்டினோம் என்று பாருங்கள். டீச் சர்க்கரையை வெட்டினோம். சோற்றில் இரண்டு கரண்டியை வெட்டினோம். எண்ணெயை அளந்தோம். மீனையோ கீரையையோ பருப்பையோ தொடவில்லை. ரத்தசோகை எண்ணை முன்பே சொன்னேன். இனிப்புக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் குழம்பு மீனையும் முட்டையையும் விட்டுக்கொடுக்கும் பெண்களை நினைத்துத்தான் அதைச் சொன்னேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டுதல், மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் தட்டில் எப்போதும் அது தாண்டித்தான் கிடக்கிறது. அதிரசத்துக்கான இடத்தை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

தினமும் ஓர் இனிப்பு வேண்டாம் என்பவர்கள் வாரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டு ஊர்களில் பற்று வரவு எழுதி ஐந்தொகை போட்டுப் பார்த்த மரபு இருக்கிறதே, அதே ஒழுங்குதான். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 1,000 கலோரி. ஞாயிறு ராத்திரி ஒரு பரோட்டா, வாரத்தில் இரண்டு அதிரசம், இரண்டு கடலை மிட்டாய் என்று செலவழிக்கலாம். கல்யாணம் வருகிற வாரம் என்றால் முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம். விருந்தில் அளவு மீறிவிட்டதா? அதையும் அப்படியே எழுதுங்கள். மறைக்கப்பட்ட எண்தான் அடுத்த வாரத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. அதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். வழக்கமான கணக்குக்குத் திரும்பினால் போதும்.

எப்போது சாப்பிடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இலை போட்டதும் நுனியில் இனிப்பு வைத்து அதை முதலில் தொடுவது நம் மரபு. ரத்தத்தில் சர்க்கரை கூடியவர்கள் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று 2015இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கூட்டு, பொரியல், அப்புறம் சோறு, முடிவில் இனிப்பு. வெறும் வயிற்றில் அல்வா வேண்டாம்.

வெல்லம் மருந்தல்ல

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை நம் ஊரில் வேகமாகப் பரவியிருக்கிறது. 100 கிராம் சர்க்கரையில் 398 கலோரி. 100 கிராம் வெல்லத்தில் 383. இந்த 15 கலோரிக்காகத்தான் இத்தனை பேச்சு. கருப்பட்டியின் மணத்துக்காகச் சாப்பிடுங்கள், அந்த மணம் வேறெதிலும் வராது. ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட அது அனுமதிச் சீட்டாகாது. கவுனி அரிசிக்கும் இது பொருந்தும். நார்ச்சத்து கூடுதல்தான், அதில் கொட்டுகிற சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் அரிசியின் நிறத்தைப் பார்த்துக் கலோரியைக் குறைத்துக்கொள்வதில்லை.

2024 வழிகாட்டுதல் நாளுக்கு 25 முதல் 30 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறது. மேலே சொன்ன அதிரசம் ஒன்றில் 17 கிராம் அளவில் வெல்லம். நாலு டீயின் சர்க்கரை 40 கிராம். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. டீயில் சர்க்கரையைக் குறைப்பது முதல் இரண்டு வாரம் கசக்கும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். அதிரசத்தை அப்படி அரை இனிப்பில் செய்ய முடியாது. பாகு பதம் தவறினால் எண்ணெயில் பிரிந்துவிடும். விட்டுக்கொடுக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதைச் சட்டியே காட்டிவிடுகிறது.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இந்த 1,400 கணக்கைத் தாமாகக் கையில் எடுக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வருகிற களப்பணியாளரிடமோ பேச்சைத் தொடங்கலாம். அவர்களிடம் ‘இனிப்பே சாப்பிடுவதில்லை’ என்று சொல்லாதீர்கள். என்ன சாப்பிடுகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதை நம்பித்தான் இருக்கிறது.

சைக்கிளும் பலகாரமும்

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். கல் குவாரிப் பெண்கள், கூலிப் பெண்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஓட்டிப் பழகினார்கள். பேருந்துக்குக் காத்திருக்காமல் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது விடுதலைக்கான இயக்கம், எடை குறைப்புக்கானது அல்ல. ஆனாலும் அரை மணி நேரம் மிதமாகச் சைக்கிள் மிதித்தால் 150 கலோரி அளவில் செலவாகும் என்பதைப் புதுக்கோட்டைப் பெண்களிடம் சொல்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. அன்று மிதித்த அம்மாவின் மகள் இன்று ஸ்கூட்டரில் போகிறாள். அவளுக்கு நேரம் மிச்சம், கால்களுக்கு வேலை மிச்சம். காலையில் மகளைப் பள்ளியில் விட ஸ்கூட்டர் இருக்கட்டும். கடைத்தெருவுக்குச் சைக்கிளை எடுக்கலாம். அது தினமும் அதிரசம் வாங்கித் தருகிற லைசென்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டைக் கணக்கில் வைக்காமல் மிதித்து மட்டும் எடையைக் குறைப்பது மிகக் கடினம்.

பலகையில் எழுதுங்கள்

வீட்டில் சுட்டால் எண்ணெயை எடை போடலாம். கடையில் வாங்கினால்? பாக்கெட்டில் அடைத்த பண்டத்தின் முதுகில் கலோரி அச்சிட்டிருக்கும். பத்தோ அதற்கு மேலோ கிளை உள்ள உணவகங்கள் பட்டியலில் கலோரியைக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. தட்டில் அடுக்கி விற்கிற இனிப்புக்கு 2020 அக்டோபர் முதல் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறு அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது: ஒன்றின் எடை இத்தனை கிராம். திருமயத்துப் பலகாரக் கடையோ, பேருந்து நிலையத்து ஸ்வீட் ஸ்டாலோ அதை எழுத யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே தராசு இருக்கிறது. கூடவே கால் கிலோ, அரைக் கிலோப் பெட்டியை மட்டும் நீட்டாமல், ஒரே ஒரு அதிரசம் கேட்டு வருகிறவருக்கு முகம் சுளிக்காமல் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டும்.